டெலிபோன் அறை

விளம்பரப் பகுதி மானேஜருடைய செல்போனில் மணி அடிக்காது. ஒரு குழந்தை அழும். அது அவருடைய பேத்தியின் குரலாம். தாத்தாக்களின் ஆசைக்கு அளவேது? ஆனால் 2022-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் ஒரு நாள் காலை, பதினோரு பேர் கூடியிருந்த ஆபீஸ் கூட்டத்தின் நடுவே அந்தச் செல்போன் "ங்கா... ங்கா..." என்று அலறியபோது அதை ரசிக்கும் நிலையில் நான் இல்லை. பிரசவ லீவு முடிந்து வேலைக்குத் திரும்பி அன்றோடு எனக்கு நாலாவது நாள். சப்தம் காதில் விழுந்த அரை நிமிஷத்துக்குள் பால் சுரந்து ரவிக்கை நனைந்து, புடவைத் தலைப்பிலும் இறங்கிவிட்டது. கையிலிருந்த பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பரீட்சைக்குப் போகிற பெண் மாதிரி கூட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

யார் வீட்டுக் குழந்தை அழுதாலும் சரி, தாயின் மூளை "பாலை இறக்கு" என்று உத்தரவு போட்டுவிடுகிறது. ஆக்ஸிடோஸின் என்ற சுரப்பு நீர் செய்கிற வேலை இது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். "இது மானேஜர் பேத்தியின் ரிக்கார்டு, நம் பெண் மாம்பலத்தில் பாட்டி மடியில் தூங்குகிறாள்" என்று அதனிடம் விளக்கிச் சொல்ல வழியில்லை.

இந்தப் பத்திரிகையில் சேருவதற்கு முன் நான் உத்தியோகம் பார்த்த இடம் அது. பெயர் வேண்டாம். பொல்லாத மனிதர்கள் என்றும் சொல்லமாட்டேன். சம்பளம் ஒன்றாம் தேதி தவறாது. தீபாவளிக்கு இனிப்புப் பெட்டியும் உண்டு. தியாகராய நகர்ப் பக்கம் ஒரு நான்கு மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி. மொத்தம் முப்பத்துநாலு பேர் வேலை செய்தோம்.

இருபத்தாறு வாரம் லீவு கொடுத்தார்கள். 2017-க்கு முன் அது பன்னிரண்டு வாரமாகத்தான் இருந்தது என்பதை நினைத்தால், நான் பாக்கியசாலிதான். பிரசவத்துக்கு முன்பே மூன்று வாரம் செலவாகிவிட்டதால், திரும்பி வந்த அன்று என் பெண்ணுக்கு இருபத்துமூன்று வாரம். ஆறு மாதம் வரையில் தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் வேண்டாம் என்று குழந்தை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகும் கஞ்சி, பருப்புசாதம் ஆரம்பித்துவிட்டு, இரண்டு வயது வரையில் பாலையும் தொடரலாம் என்றார். எனவே, பீச்சி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்து, கையால் அமுக்குகிற பம்பு ஒன்றும் இரண்டு எவர்சில்வர் கிண்ணமும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஆபீசில் இதற்கு ஓர் இடம் வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. பி.ஏ. படித்தவள் என்று பெயர்!

முதல் இரண்டு நாள் பெண்கள் கழிப்பறையில். நின்றபடி, ஒரு கையில் கிண்ணம், மறு கையில் பம்பு. வெளியே யாராவது தட்டிக்கொண்டே இருப்பார்கள். மூன்றாம் நாள் பழைய பேப்பர்க் கட்டுகள் அடுக்கியிருந்த சாமான் அறைக்குப் போனேன். அதற்குத் தாழ்ப்பாள் இல்லை. கட்டு எடுக்க வந்த ஆபீஸ் பையன் என்னைக் கண்டதும் "ஸாரி மேடம்" என்று கண்ணை மூடிக்கொண்டே ஓடினவன், அப்புறம் ஒரு வாரம் நான் கூப்பிட்டாலும் சுவரைப் பார்த்துத்தான் பதில் சொன்னான். எடுத்த பாலை ஆபீஸ் பிரிட்ஜில் வைத்தேன். மறு நாள் பிரிட்ஜ் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: "சொந்த உபயோகப் பொருள்களை வைக்கக் கூடாது." உள்ளே யாரோ ஒருவருடைய மோர், இன்னொருவருடைய மாவடு, போன வாரத்துப் பிறந்தநாள் கேக் எல்லாம் பொது உபயோகப் பொருள்களாக வீற்றிருந்தன.

தாய்ப்பாலை இருபத்தைந்து டிகிரிக்கு மேற்படாத இடத்தில் நாலு மணி நேரம் வைக்கலாம். பிரிட்ஜில் நாலு நாள் தாங்கும். ஐஸ் பொட்டலம் போட்ட பெட்டியில் ஒரு நாள். சென்னையில் ஜூன் மாதத்தில் இருபத்தைந்து டிகிரிக்கு எங்கே போவது?

இடம் கிடைக்காத நாட்களில் எடுக்காமலே இருந்தேன். அதன் பலன் பத்தாம் நாள் தெரிந்தது. பால் கட்டிக்கொண்டு, ஒரு பக்கம் கல்லாகி, 102 டிகிரி ஜுரம். பால் ஒரு விசித்திரமான வியாபாரம். எடுக்க எடுக்கத்தான் சரக்கு வரும். எடுக்காமல் விட்டால், கிராக்கி இல்லை என்று எண்ணி உடம்பு கடையைக் கட்ட ஆரம்பித்துவிடும்.

வீட்டில் இன்னொரு கட்சி இருந்தது. "பிரிட்ஜிலே வெச்ச பாலைக் கொடுத்தா குழந்தைக்கு மாந்தம் வரும்" என்றார் என் மாமியார். டாக்டரிடமே அழைத்துக்கொண்டு போனேன். அவர் சொன்ன பிறகு மாமியார் வெந்நீரில் கிண்ணத்தை வைத்துச் சூடு காட்டி, தம் மாமியார் காலத்து வெள்ளிப் பாலாடையால் புகட்ட ஆரம்பித்தார். ஒரு வாரத்துக்குள், "இன்னிக்கு என்னடி, அரைப் பாலாடை குறையறதே?" என்று என்னிடம் கணக்குக் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டார்!

இனி, விண்ணப்பம் எழுதின கதை.

எழுதிப் பிழைக்கிறவளுக்கு ஓர் அகம்பாவம் உண்டு. நன்றாக எழுதினால் நடந்துவிடும் என்று. ஆறு பக்கம் எழுதினேன். வாஷிங்டனில் 1919-இல் நடந்த சர்வதேசத் தொழில் மகாநாட்டில், பாலூட்டும் தொழிலாளிப் பெண்ணுக்கு தினம் இரண்டு தடவை அரை அரை மணி கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்தது முதல், 1934-இல் நம் சென்னை மாகாணத்துக்கே பிரசவச் சகாயச் சட்டம் வந்தது வரையில் ஒன்றுவிடவில்லை. 2015 ஆகஸ்டில் தமிழ்நாட்டுப் பஸ் நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டத் தனி அறைகள் திறந்தார்களே, அதையும் சேர்த்து, "பஸ் ஏறுகிறவளுக்கு உண்டு, பஸ் ஏறி வேலைக்கு வருகிறவளுக்கு இல்லையா?" என்று ஒரு போடு போட்டிருந்தேன். மானேஜர் வாங்கிப் பார்த்தார். "ரொம்ப நன்றாக எழுதியிருக்கிறீர்கள், அம்மா. மேலிடத்தில் பேசுகிறேன்" என்றார். மேலிடம் என்பது நாலாவது மாடி. அங்கே போய்ச் சேர மூன்று வாரம் பிடித்தும் அது சேரவில்லை.

அப்போதுதான் எழுதுவதை நிறுத்திவிட்டு எண்ண ஆரம்பித்தேன். சாப்பாட்டு நேரத்தில் மாடி மாடியாகப் போனேன். அந்தக் கட்டடத்தில் பத்து ஸ்தாபனங்கள். ஆடிட்டர் ஆபீஸ், பல் வைத்தியசாலை, டிராவல் ஏஜென்ஸி, கம்ப்யூட்டர் வகுப்பு, கீழே ரெடிமேட் துணிக்கடை, மருந்துக்கடை, இப்படி. பெண்கள் மட்டும் அறுபத்தொரு பேர். அதில் கைக்குழந்தைக்காரிகள் ஐந்து பேர். இந்த ஐந்து பேரும் ஒரே மாடிப்படியில் தினம் ஏறி இறங்குகிறோம். ஒருத்தி சங்கடம் இன்னொருத்திக்குத் தெரியாது.

சட்டத்தைப் பற்றியும் இங்கே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வாசகிகள் பலருக்கு உபயோகப்படும். 1961-ஆம் வருஷத்துப் பிரசவச் சலுகைச் சட்டப்படி, பத்துப் பேருக்குக் குறையாத கடையோ ஆபீஸோ ஆனால், வேலைக்குத் திரும்பிய தாய்க்குக் குழந்தையின் பதினைந்தாவது மாதம் வரையில், சாப்பாட்டு இடைவேளை போக, தினம் இரண்டு முறை பாலூட்ட நேரம் தர வேண்டும் என்று இருந்தது. 2017-இல் திருத்தினபோது, ஐம்பது பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் தினம் நாலு தடவை அங்கே போய் வரலாம் என்று சேர்த்தார்கள். 2020-இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த இரண்டையும் எடுத்து வைத்திருக்கிறார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் எங்கள் கட்டடத்தில் எந்த ஸ்தாபனத்திலும் ஐம்பது பேர் கிடையாது. எல்லோரையும் சேர்த்தால் இருநூறு பேர் தேறும். தனித்தனியே பார்த்தால் யாருக்கும் காப்பகம் வைக்கக் கடமை இல்லை. பாலூட்ட நேரம் கொடுக்கச் சொன்ன சட்டம், பம்பும் கையுமாக நிற்கிறவளுக்கு ஒரு கதவு, ஒரு தாழ்ப்பாள் என்று ஒன்றும் சொல்லவில்லை. நேரம் இருந்து இடம் இல்லாவிட்டால், அந்த நேரத்தில் நான் காப்பி சாப்பிடலாம், அவ்வளவுதான்.

ஐந்து பேரில் ஒருத்தியை நான் மறக்க முடியாது. துணிக்கடையில் சுடிதார்ப் பகுதியில் நிற்கிற பெண். பொன்னேரிப் பக்கத்திலிருந்து இரண்டு ரெயில் மாறி வருவாள். இருபத்துமூன்று வயசு இருக்கும். பிரசவமாகி நாற்பத்தெட்டாவது நாள் வேலைக்கு வந்துவிட்டாள். அந்தக் கடையில் பதினைந்து பேர் வேலை செய்தார்கள். ரிஜிஸ்தரில் ஒன்பது பேர். பத்து என்ற எண்ணுக்கு அப்படி ஒரு மகிமை! கடைச் சிப்பந்திகளுக்கு உட்கார ஆசனம் தர வேண்டும் என்று 2021-இல் நம் ராஜ்யத்தில் சட்டம் வந்ததே, அதனால் மூலையில் இரண்டு ஸ்டூல் மட்டும் போட்டிருந்தார்கள்.

"நீ என்னம்மா செய்கிறாய்?" என்று கேட்டேன்.

"டிரையல் ரூமுக்குள்ள போய், துண்டுல பீச்சித் துடைச்சிட்டு வந்துருவேன் அக்கா. வலி நின்னாப் போதும்."

"பால்?"

"துண்டுலதான்" என்றாள். அவள் குழந்தைக்கு வீட்டில் டின் பால் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த டின் விலையையும் சொன்னாள். அவளுடைய மூன்று நாள் சம்பளம். புட்டிப் பால் கொடுத்தவர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. என் அக்காவுக்கே பால் போதாமல் டின்னில்தான் பையனை வளர்த்தாள், பயில்வானாக இருக்கிறான். ஆனால் இருக்கிற பாலைத் துண்டில் துடைத்துவிட்டு, இல்லாத பணத்துக்கு டின் வாங்குவது என்றால்...

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்று நினைத்தேனோ, அங்கிருந்து வரவில்லை. எங்கள் கணக்குப் பகுதி மாமியிடமிருந்து வந்தது. ரிடையரான பிறகும் கணக்குப் பார்க்க அவரை வைத்துக்கொண்டிருந்தார்கள். அறுபது தாண்டினவர். மடிப்புக் கலையாத புடவை, தலையில் தினம் கனகாம்பரம். அவர் சொன்னால் நாலாவது மாடியும் கேட்கும்.

"நாங்கள்ளாம் குழந்தை பெத்துக்கலையா? ஆபீசுக்கு வரலையா? ரூம் கேட்டோமா? உங்களுக்கு மட்டும் என்னடி புதுசா?" என்று ஒரு நாள் எல்லோர் எதிரிலும் கேட்டுவிட்டார். எனக்கு முகம் தொங்கிப் போயிற்று.

ஜுரம் தணிந்து நான் திரும்ப வந்த அன்று மத்தியானம், கைகழுவும் இடத்தில் பம்பைக் கழுவிக்கொண்டிருந்தேன். மாமி பக்கத்தில் வந்து நின்றார். டிபன் பாக்ஸைத் திறந்தபடியே, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"எனக்கு 1986-லே பெரியவன் பிறந்தான். பன்னண்டு வாரம் லீவு. மூணு மாசம் ஆகறதுக்குள்ளே வந்துட்டேன். வேற ஆபீஸ் அது. மொத வாரம் மேஜை மேலேயே பால் சொட்டித்து. லெட்ஜர் நனைஞ்சது. ஹெட்கிளார்க் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம எழுந்து போயிட்டார். அன்னிக்கு ராத்திரி எங்கம்மா மல்லிப்பூ வாங்கிண்டு வந்தா. ரெண்டு பக்கமும் வெச்சுக் கட்டி விட்டா. மூணு நாள் மாத்தி மாத்திக் கட்டினா. நின்னு போச்சு."

குழாயை மூடிவிட்டேன்.

"குழந்தை ராத்திரி தேடினான். பூ வாசனைதான் இருந்தது. நான் மல்லிப்பூ வெச்சுக்கறதில்லையே, கவனிச்சிருக்கியோ?"

கவனித்திருக்கிறேன். எங்கள் ஆபீசில் எல்லோரும் கவனித்திருக்கிறோம். மாமிக்குத் தலைவலி, வாசனை ஒத்துக்கொள்ளாது என்று நாங்களாகவே காரணமும் கற்பித்து வைத்திருந்தோம்.

(பால் வற்ற மல்லிகை கட்டுவது பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கக்கூடியதல்ல. வேலூர் ஆஸ்பத்திரி டாக்டர்கள் இதைப் பரீட்சித்து, பால் வற்றச் செய்வதில் மாத்திரைக்கு ஈடாக வேலை செய்கிறது என்று 1988-இல் எழுதியிருக்கிறார்கள். குழந்தையை இழந்த தாய்மார்களுக்கு அது பெரிய உபகாரம். உயிரோடு குழந்தை வீட்டில் இருக்கும்போது கட்டிக்கொண்டதைத்தான் மாமி முப்பத்தாறு வருஷமாக மறக்கவில்லை.)

"உன் விண்ணப்பத்தைக் கொண்டா" என்றார் மாமி. ஆறு பக்கத்தையும் படித்தார். "இதை யார் படிப்பா? என்ன வேணும், எங்கே வேணும், எத்தனை ரூபா ஆகும்? அரைப் பக்கத்திலே எழுது" என்றார். முப்பது வருஷம் பட்ஜெட் பார்த்தவர் சொன்ன யோசனை. பத்திரிகைக்காரி நான் அன்றுதான் எழுதக் கற்றுக்கொண்டேன். உங்கள் ஆபீசிலும் கேட்பதாக இருந்தால், சரித்திரத்தை விட்டுவிட்டு, எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்பதையும் காலியாகக் கிடக்கிற அறையையும் காட்டுங்கள்.

காலி அறையைக் கண்டுபிடித்ததும் மாமிதான். இரண்டாவது மாடியில் படி திரும்புகிற இடத்தில் ஆறடிக்கு எட்டடியில் ஒரு அறை உண்டு. செல்போன் வருவதற்கு முன் அங்கே ஓர் ஆபரேட்டர் பெண் உட்கார்ந்து கட்டடம் முழுவதற்கும் லைன் கொடுத்துக்கொண்டிருந்தாளாம். இப்போது உள்ளே எரியாத ட்யூப் லைட்டுகளும், கட்டடச் சங்கத்தின் கொலுப் படியும். "டெலிபோன் ரூம்" என்று பெயர் மட்டும் மிச்சம். அது எந்த ஆபீசுக்கும் சொந்தமில்லை, சங்கத்துக்குச் சொந்தம். நாலாவது மாடியை நான் மூன்று வாரம் சுற்றினது வீண்!

சங்கத்தின் காரியதரிசி பரம சாது. ஆனால் எதற்கும் "நாளைக்கு" என்று பயப்படுகிறவர். "இன்றைக்கு இவர்களுக்கு ரூம் கொடுத்தால், நாளைக்கு ஆண்கள் சிகரெட் பிடிக்க ரூம் கேட்பார்கள். அப்போது நான் என்ன பதில் சொல்வது?" என்றார்.

"குழந்தைக்குப் பல் முளைச்சு சாதம் திங்க ஆரம்பிச்சா, இவா ரூமை விட்டுடுவா. சிகரெட் பிடிக்கிறவாளுக்கு எப்போப் பல் முளைக்கும், நீங்க சொல்லுங்கோ" என்றார் மாமி.

காரியதரிசி சிரித்துவிட்டார். காரியமும் ஆகிவிட்டது. செகண்ட் ஹாண்டில் சின்ன பிரிட்ஜ் நாலாயிரம் ரூபாய். எட்டு ஸ்தாபனங்கள் ஐந்நூறு ஐந்நூறு கொடுத்தன. துணிக்கடையும் இன்னொன்றும் கொடுக்கவில்லை. நாற்காலி ஆடிட்டர் ஆபீசிலிருந்து வந்தது. திரை என் பழைய வாயில் புடவை. தாழ்ப்பாளை மாமி தம் கைக்காசில் வாங்கினார். உள்பக்கம் ஒன்று, அதற்கு மேல் இன்னொன்று. "ஒண்ணு கழண்டுண்டாலும் ஒண்ணு இருக்கணும்" என்றார்.

2022 ஆகஸ்டு முதல் தேதி அறை திறந்தது. உலகத் தாய்ப்பால் வாரத்தின் முதல் நாள். தற்செயல் இல்லை, அந்தத் தேதிதான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பிடித்திருக்க வேண்டாம், ஐந்து நாள் முன்பே திறந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஏனென்றால், நாங்கள் நால்வர் அன்று முதல் உபயோகிக்க ஆரம்பித்தோம். ஐந்தாமவள் வரவில்லை. கீழே ஆடித் தள்ளுபடி. "ஆடி போகட்டும் அம்மா. இந்தக் கூட்டத்தில் ஒரு ஆளை எப்படி விடுவது?" என்றார் கடை முதலாளி. அவர் சொன்னதும் நியாயம் போலத்தான் இருந்தது; வாசல் வரையில் ஜனங்கள். குழந்தைக்கு ஆடி, ஆவணி தெரியுமா? ஆடி முடிந்த மறு நாள் மாமியும் நாங்களும் போனோம். ஆடிட்டர் ஆபீஸ் அம்மாளும் கூட வந்தார். அந்தக் கடையின் கணக்கு அவரிடந்தான். அவர் வாயே திறக்கவில்லை. ரிஜிஸ்தரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சும்மா மாமிக்குப் பக்கத்தில் நின்று ஒரு சுடிதாரைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி அவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், காலை பதினொன்றுக்கும் மாலை நாலுக்கும் இருபது இருபது நிமிஷம் என்று ஒப்புக்கொண்டார்.

அந்தப் பெண் மேலே வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து வெகு நேரம் முயன்றாள். கிண்ணத்தின் அடி நனைந்தது. ராத்திரி குழந்தை குடிக்கிற அளவுக்கு மட்டும் பால் இருந்தது. பகல் பால் வற்றிவிட்டது. தினம் விடாமல் வந்தால் திரும்பச் சுரக்கும் என்று நான் பெரிய டாக்டர் மாதிரி தைரியம் சொன்னேன். கொஞ்சம் சுரந்தது. அரைக் கிண்ணம்வரை வந்தது. அதற்குள் தீபாவளிக் கூட்டம் வந்துவிட்டது.

என் பெண்ணுக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை நான் அந்த அறைக்குப் போய் வந்தேன். பிறகு இந்தப் பத்திரிகைக்கு வந்துவிட்டேன். மாமி கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிட்டு மைலாப்பூரில் இருக்கிறார்.

சென்ற மாதம் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவள் கட்டடத்துக்குள் நுழைந்தேன். டெலிபோன் அறையின் சாவி முன்பு காரியதரிசியிடம் இருந்தது. சனிக்கிழமை பிற்பகல் அவர் போய்விட்டால் கதவு திறக்காது. இப்போது அது துணிக்கடைக் கல்லாவில் இருக்கிறது, கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கிறபடியால். சாவிக்குப் பொறுப்பாளி சுடிதார்ப் பகுதிப் பெண். ஸ்டூலில் உட்கார்ந்து ரசீது மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு நோட்டுப் புஸ்தகமும் வைத்திருந்தாள். யார், எத்தனை மணிக்கு என்று பென்ஸிலால் எழுதியிருந்தது. அவள் மகள் பால்வாடிக்குப் போகிறாளாம்.

"ரூமைப் பார்த்துவிட்டு வரட்டுமா? சாவி கொடு" என்றேன்.

ஆணியைப் பார்த்தாள். சாவி இல்லை.

"உள்ள ஆள் இருக்குது அக்கா. கம்ப்யூட்டர் கிளாஸ்ல புதுசா வந்திருக்கிற பொண்ணு. இப்பத்தான் போச்சு, கதவத் தட்டிராதீங்க" என்று சொல்லி, இன்னொரு ஸ்டூலை என் பக்கம் தள்ளினாள்.